மழையில்லா மாதங்களின் மழைத் தோட்டம்

மழைத் தோட்டம் பெயரளவில்தான் தோட்டம். கூரையிலும் முற்றத்திலும் விழுகிற மழையை ஒழுங்கைக்கு ஓடவிடாமல், வளவுக்குள்ளேயே ஒரு சாணுக்கு உட்பட்ட ஆழமுள்ள அகன்ற பள்ளத்துக்குத் திருப்பி, அங்கே நிற்கிற புல்பூண்டுகளின் வேர்வழியே மண்ணுக்குள் இறங்க வைக்கிற ஏற்பாடு அது. இன்று வழங்கும் வடிவத்துக்குப் பிறந்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜோர்ஜஸ் கவுண்டியில் 1990இல் சோமர்செற் என்ற குடியிருப்பு எழுந்தபோது, வழக்கமான வெள்ளநீர்க் குட்டைக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு இப்படியொரு பள்ளம் வைக்கலாம் என்று டிக் பிரிங்கர் என்ற வீடமைப்பாளர் சொன்னார். கவுண்டியின் சூழல் பிரிவில் இருந்த லாரி கொஃப்மன் அதை ஏற்று வளர்த்தெடுத்தார். பிறகு அது பல நாடுகளுக்குப் போனது. மெல்பேர்ணில் வீட்டாரைக் கொண்டு பத்தாயிரம் மழைத் தோட்டங்கள் அமைக்கும் திட்டம் ஒன்று நடந்தது. சிங்கப்பூரில் 2006இல் தொடங்கிய நீர்த் திட்டத்தில் பூங்காக்களுக்கும் தெருவோரங்களுக்கும் இது வந்து சேர்ந்தது.

போன இடமெல்லாம் கூடவே ஒரு பராமரிப்பு அட்டவணையும் போனது. வசந்தத்தில் களை பிடுங்கு, கோடையில் தண்ணீர் விடு, இலையுதிர் காலத்தில் சருகு வாரு, பனிக்காலத்தில் சும்மா இரு என்பது அதன் சாரம். இந்த அட்டவணையை இலங்கையின் வடக்கே வன்னிப் பெருநிலத்தில், முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கு மூலையில், துணுக்காயில், ஒரு வளவுக்குள் வைத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே இடறும்.

மழையின் மொத்த அளவில் சிக்கல் இல்லை. மேரிலாந்தின் அந்தப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றர் பெய்கிறது. துணுக்காயை உள்ளடக்கிய வன்னியில் 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை பெய்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பங்கீட்டில்தான் வேறுபாடு. அங்கே எந்த மாதத்தை எடுத்தாலும் 70, 80 மில்லிமீற்றருக்குக் குறையாமல் விழும். இங்கே ஐப்பசி நடுப்பகுதியில் தொடங்கி மார்கழி முடிவதற்குள் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் இடியோடு சில நாள் மழை. வைகாசியில் சோளகம் பிடித்தால் புரட்டாதி வரை காற்றும் வெயிலும்தான். ஆகவே மேரிலாந்தின் மழைத் தோட்டம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. துணுக்காயின் மழைத் தோட்டம் மூன்று மாதம் மூச்சுத் திணறக் குடித்துவிட்டு, ஐந்து மாதம் வாய் வறண்டு கிடக்க வேண்டும். இரண்டையும் ஒரே கையேட்டால் பராமரிக்க முடியாது. இங்கே மழைத் தோட்டத்தின் முக்கால்வாசி வேலை மழை இல்லாத மாதங்களில்தான் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். போருக்குப் பிறகு 2009 ஒக்ரோபரில் மீள்குடியேற்றம் தொடங்கிய முதல் பிரதேசங்களில் துணுக்காயும் ஒன்று. தறப்பாள் கொட்டில், தகரக் கொட்டில் என்று சில ஆண்டுகள் போன பிறகு, இந்திய வீட்டுத் திட்டம் போன்ற திட்டங்களின் வழியாக வடக்கில் கல்வீடுகள் எழுந்தன. அந்தத் திட்டத்தின் வீடு 550 சதுர அடி, அதாவது 51 சதுர மீற்றர். அந்தக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,100 லீற்றர் தண்ணீர். கையேடுகள் சொல்கிறபடி கூரையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில், 10 சதுர மீற்றரில், 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டினால் அது 1,500 லீற்றர் பிடிக்கும். 30 மில்லிமீற்றர் மழைக்கு அது நிரம்பிவிடும். மேரிலாந்தில் இது பெரும்பாலான மழைக்குப் போதும். கார்த்திகையில் ஓர் இரவில் 100 மில்லிமீற்றர் கொட்டுவது வன்னியில் யாரும் வியந்து பேசுகிற செய்தியல்ல. 2018 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த மழை அதைப்போல மூன்று மடங்கு. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எல்லாம் திறக்கப்பட்ட நாட்கள் அவை. 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவி புயலும் இந்தப் பக்கமாகத்தான் கரையேறியது.

எனவே இங்கே மழைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எவ்வளவு பிடிக்கும் என்பதல்ல. பிடிக்காததை எங்கே அனுப்பும் என்பதுதான். இந்தக் கேள்விக்கு மேரிலாந்துக் கையேட்டைவிட நல்ல பதில் கால்நடையாகப் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

அனிச்சியன்குளம், தென்னியன்குளம், உயிலங்குளம், ஆலங்குளம், கோட்டைகட்டியகுளம், ஐயன்கன்குளம் என்று துணுக்காய்ப் பிரதேசத்தில் ஊரும் குளமும் பிரிக்க முடியாதபடி கிடக்கின்றன. தெற்கே பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் இருக்கிறது. அதன் பழமையை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். கைவிடப்பட்டுக் காடேறிக் கிடந்த அந்தக் குளம் 1950களில் திருத்திக் கட்டப்பட்டு, குடியேற்றத் திட்டத்தோடு மறுபடி வயலுக்கு நீர் கொடுத்தது. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. 80 ஹெக்ரேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறிய குளங்கள் கமநல சேவையின் பொறுப்பு. பெரிதானாலும் சிறிதானாலும் குளக்கட்டு, நீர் திறக்கும் துருசு, மிஞ்சியது வழியும் வான், நீர் வந்து சேரும் அலைகரை என்ற நான்கும் இல்லாமல் குளம் இல்லை.

அலைகரையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஓடிவருகிற மழைநீர் நேரே குளத்துக்குள் விழுவதில்லை. மேட்டிலிருந்து சரிந்து, மரங்களுக்கு ஊடாக நுழைந்து, பிறகு ஒரு புல்தரையில் பரந்து, வேகமிழந்து, கொண்டுவந்த மண்ணை அங்கேயே உதறிவிட்டு மெல்ல உள்ளே இறங்குகிறது. அநுராதபுரப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் இந்தப் புல்வடிகட்டியைப் பெரஹன என்றும், குளத்துக்கு மேலே வண்டல் பிடிக்க வெட்டிய குழியைக் கொடவல என்றும், கட்டுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மரச்செறிவைக் கட்டக்காடுவ என்றும் தனித்தனியே பிரித்து ஆண்டிருக்கிறார்கள். ஒரு குளத்தின் வான் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும் இந்தத் தொடரமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் ஆய்வாக எழுதினார். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு, இலங்கை வரண்ட வலயத்தின் குளத்தொடர்க் கிராம முறையை உலக வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மழைத் தோட்டத்துக்கு 1990இல் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் உறுப்புகள், அதாவது முன்வடிகட்டி, தேக்கம், வேர்ப்படுக்கை, வழிவாய் எல்லாம் இங்கே ஏற்கெனவே இருந்தன. அளவு மட்டும்தான் வேறு. முன்னோர் ஊருக்கு வைத்ததை நாம் வளவுக்குச் சுருக்கினால் போதும்.

சுருக்கும்போது முதலில் வைக்க வேண்டியது வான். பள்ளத்தின் உதட்டில், வீட்டுக்கு எதிர்ப்புறம், முழ அகலத்துக்கு ஓர் இடத்தை நாலு விரல் தாழ்த்திக் கருங்கல்லோ உடைந்த ஓடோ பதித்துவிட வேண்டும். நிரம்பினால் தண்ணீர் அந்த இடத்தால் மட்டும் போகும். கல் பதிக்காவிட்டால் முதல் பெருமழையிலேயே உதடு அரித்துப் பிளந்துவிடும். அந்த வான் அயலவரின் அடுக்களைப் பக்கமாகத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமலே நடந்த வழக்குகள் ஊருக்கு ஊர் உண்டு. பள்ளம் வீட்டு அத்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். மலசலகூடக் குழிக்குக் கிட்ட வெட்டவே கூடாது, ஏனென்றால் மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போய்விடும். காடு பிடித்த காணியென்றால் அலவாங்கைத் தூக்குவதற்கு முன் அது கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணிதானா என்று கேட்டு அறிவது வன்னியில் இன்னும் தேவையான எச்சரிக்கை.

அடுத்தது மண். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் கடினப் பாறை. அதன் மேல் செங்கபில மண், தாழ்ந்த இடங்களில் ஈரம் விடாத களி. செங்கபில மண்ணின் குணம் விசித்திரமானது. காய்ந்தால் அலவாங்கு தெறிக்கும், நனைந்தால் காலை விடாது. ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துத்தான் மழைத் தோட்டத்தின் இடத்தைத் தேர்வார்கள். இந்தச் சோதனையை ஓகஸ்டில் செய்பவர் ஏமாறுவார். வரண்ட மண் ஊற்றியதையெல்லாம் உறிஞ்சி, நல்ல பிள்ளை போல நடிக்கும். மூன்று நாள் தொடர்ந்து பெய்த பிறகு, கார்த்திகையில், அதே குழியில் நின்ற தண்ணீர் நாலாம் நாளும் நிற்கக்கூடும். தாழ்ந்த களி நிலத்தில் நிலத்தடி நீரே மேலே வந்து பள்ளத்தை நிரப்பும். அப்படிப்பட்ட இடத்தில் மழைத் தோட்டம் வைப்பது வீண். அது வயலுக்கு உரிய நிலம். ஆகவே சோதனை மாரியின் நடுவிலும், வெட்டுவது அதற்கடுத்த கோடையிலும் என்று ஓர் ஆண்டு பொறுப்பவருக்கே நல்ல இடம் அமையும்.

இனிப் பருவங்கள். மேற்கத்தைய அட்டவணையில் ஆண்டு வசந்தத்தில் தொடங்கும். இங்கே ஆவணியில் தொடங்க வேண்டும்.

ஆவணியில் பள்ளம் காய்ந்து, அடியில் போன மாரி கொண்டுவந்த மண் ஓடு கட்டிக் கிடக்கும். விரல் கணுவளவு தடித்த அந்த ஓட்டைக் கையால் பெயர்த்தால் அப்பளம் போல உடைந்து வரும். மேலே வழவழப்பான நுண்களி, அதற்குக் கீழே மணல், அதற்கும் கீழே பழைய சருகின் கறுப்பு. தண்ணீரை இறங்கவிடாமல் தடுப்பது மேலே இருக்கிற அந்த மெல்லிய களிதான். அதை மண்வெட்டியால் செதுக்கிக் கடகத்தில் அள்ளி வாழையடிக்கோ கத்தரிப் பாத்திக்கோ போட்டுவிட வேண்டும். குளத்து வண்டலை வயலுக்கு ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. பிறகு அடியை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். இந்த ஒரு வேலையை இரண்டு ஆண்டு தவறவிட்டால் மழைத் தோட்டம் வெறும் நுளம்புக் குட்டை. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் அதன் பயனாகக் கிணறுகளில் நீர் உயர்ந்ததும் உண்மை, பிற்பாடு பல கசிவுக் குழிகள் தூர்ந்து பெயருக்குக் கிடந்ததும் உண்மை. கட்டுவதற்குச் சட்டம் இருந்தது, தூர் வாருவதற்கு ஆள் இருக்கவில்லை.

புரட்டாதியில் கூரைப் பீலியைத் துப்புரவாக்க வேண்டும். வேப்பஞ்சருகு, குருவிக்கூடு, ஓட்டுத் துண்டு எல்லாம் அங்கே இருக்கும். பீலியிலிருந்து பள்ளத்துக்கு வரும் வாய்க்காலின் வாயில் கல்லடுக்கிப் புல் விட்டிருந்தால் அதுவே அலைகரை. கல்லைக் கிளறி, சேர்ந்த மண்ணை எடுத்து, மறுபடி அடுக்க வேண்டும். வானின் கல் ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். காலபோகத்துக்கு முன் கமக்காரர் அமைப்பு கூடி வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிக்கும் அதே வாரங்கள் இவை. வீட்டுக்கும் அதே நாளைக் குறித்துக்கொள்ளலாம்.

முதல் மழை விழுந்ததும் நடுகை. ஐப்பசியில் நட்டது மார்கழிக்குள் வேர் பிடித்துவிடும். சித்திரை மழையை நம்பி நட்டது வைகாசிச் சோளகத்தில் கருகும். கார்த்திகையிலும் மார்கழியிலும் செய்ய வேண்டியது பார்ப்பது ஒன்றுதான். மழை விட்ட மறுநாள் எவ்வளவு நிற்கிறது, எந்தப் பக்கம் வழிந்தது, எங்கே அரித்தது என்று கண்ணால் குறித்துவைக்க வேண்டும். சேற்றுக்குள் இறங்கி மிதித்தால் மண் இறுகி, ஆவணியில் கொத்தியது பாழாகும். வைக்கோலை மூடாக்காகப் போட்டவர்கள் அது மிதந்து போய் வானை அடைத்துக் கிடப்பதைப் பார்ப்பார்கள். பள்ளத்துக்குள் வைக்கோல் ஆகாது. தைக்குப் பிறகு, நீர் வற்றியதும், சருகை ஒரு கையளவு தடிப்பில் பரப்பினால் ஈரம் நிற்கும். அதையும் பங்குனிக்குள் கறையான் கண்டுபிடித்துவிடும். வன்னியில் மூடாக்கு ஒருமுறை போட்டு மறக்கிற பொருள் அல்ல.

தையும் மாசியும் களைக்கு. பார்த்தீனியத்தைப் பூக்கவிடாமல் பிடுங்க வேண்டும். 1980களின் பிற்பகுதியிலிருந்து வடக்கில் பரவிய செடி அது, வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். அறுவடை முடிந்து மாடுகள் அவிழ்த்துவிடப்படுகிற காலமும் இதுதான். ஊரில் பச்சையாக மிஞ்சியிருப்பது உங்கள் பள்ளம் என்றால் கட்டாக்காலிகள் அங்கேதான் வரும். ஒரு மாட்டின் நாலு குளம்பு, பத்துப் பேர் மிதித்ததற்குச் சமம். கதியால் வேலி இல்லாத மழைத் தோட்டத்துக்குப் பராமரிப்பே தேவைப்படாது, அது இருக்காது.

செடிகளைப் பற்றிக் கையேடுகள் நீண்ட பட்டியல் தருகின்றன. இங்கே தேர்வு குறுகியது, ஏனென்றால் கழுத்தளவு நீரையும் ஐந்து மாத வறட்சியையும் ஒரே செடி தாங்க வேண்டும். வெட்டிவேர் தாங்கும். அதன் வேர் இரண்டு, மூன்று மீற்றர் ஆழம் போகும். அறுகும் கோரையும் காய்ந்து மஞ்சளாகி, முதல் மழையில் எழும். தாங்காமல் ஒளிந்துகொள்கிற செடிகளும் உண்டு. கோடையில் மண்ணுக்கு மேல் தடயமில்லாமல் மறைந்து, கிழங்காய்க் கிடந்து, மாரியில் கொடிவிட்டுப் பூப்பது கார்த்திகைப்பூ. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான். தோட்டக்காரர் மறக்கக் கூடாதது அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பது. இராசவள்ளிக் கிழங்கு வைத்திருக்கும் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது. வல்லாரையும் பொன்னாங்காணியும் மாரியில் பள்ளத்தின் ஓரத்தில் தாமாகவே வரும், கோடையில் போய்விடும். வரட்டும், போகட்டும். வாழையைப் பலர் ஆசைப்பட்டு வைப்பார்கள். ஆனியில் அதற்கு நீர் வேண்டும், ஆகவே அதன் இடம் கிணற்றடி. மருது அழகுதான், ஆனால் குளக்கட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் உரிய மரத்தை ஐந்து பரப்பு வளவுக்குள் கொண்டுவரக் கூடாது.

மெல்பேர்ணில் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடை வறட்சிக்கு ஒரு வழி கண்டார்கள். வடிகுழாயை உயர்த்தி, படுக்கையின் அடியில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கும்படி விட்டால் செடிகள் மழையற்ற வாரங்களைக் கடக்கின்றன. வாரங்களை, மாதங்களை அல்ல. துணுக்காயில் ஆண்டு ஆவியாதல் ஆண்டு மழையைவிட அதிகம். இங்கே காய்வதைத் தோல்வி என்று எண்ணிக் குழாயால் நீர் விடுவது, குடிக்கிற கிணற்றை வற்றவைத்துப் புல்லைக் காப்பாற்றுவதாகும்.

நுளம்பு பற்றிய அச்சத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1990களில் மலேரியா வன்னியை வாட்டியது. 2016 செப்ரெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் நாட்டுக்குப் புதிதான அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. முற்றத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று சொல்கிற மூத்தவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் வேண்டும். இரண்டு நாளில் வற்றுகிற பள்ளம் அதற்கு உதவாது, ஐந்தாம் நாளும் நிற்கிற பள்ளத்தை மண் போட்டு உயர்த்திவிட வேண்டும். டெங்கு நுளம்பு மண்குட்டையைவிடத் தெளிந்த நீர் நிற்கிற பாத்திரங்களையே விரும்பும் என்பதால், பள்ளத்தைவிட அடைபட்ட பீலிதான் ஆபத்து. இன்னொன்று பாம்பு. அடர்ந்த புல்லுக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும், சருகோடு சருகாய்ப் புடையன் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. பள்ளம் வாசலுக்கும் கிணற்றுப் பாதைக்கும் தள்ளியே இருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? ஆண்டுக்கு 1,300 மில்லிமீற்றர் என்று வைத்தால் அந்த 51 சதுர மீற்றர்க் கூரையில் விழுவது ஏறத்தாழ 66,000 லீற்றர். அவ்வளவும் கிணற்றுக்குப் போகும் என்று நம்ப வேண்டாம். கடினப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீர், பாறைக்கு மேலுள்ள சிதைந்த படையில், பள்ளத்தாக்குகளை ஒட்டிக் குறுகிய பட்டைகளாகவே கிடக்கிறது என்று மண்ணியலாளர் பானபொக்கே எழுதியிருக்கிறார். மேட்டில் இறக்கிய நீர் நம் வேலியைப் பார்த்து நிற்காது, சரிவைப் பார்த்துப் போகும். ஒரு வீட்டின் மழைத் தோட்டம் அந்த வீட்டின் கிணற்றை ஆவணியில் காப்பாற்றாது. ஒழுங்கை முழுவதும் செய்தால் தாழ்விலுள்ள கிணறுகளுக்குப் பயன் தெரியலாம். உறுதியாகக் கிடைப்பது வேறு. தாழ்வாரத்தடி அரிக்காது, சேறு வீதிக்கும் குளத்துக்கும் போகாது, பள்ளத்தைச் சுற்றியுள்ள மாவும் தேசியும் எலுமிச்சையும் பங்குனி வரை ஈரம் காணும்.

அதனால் குடிநீருக்கு வழியில்லாத வீட்டில் முதற்செலவு மழைத் தோட்டமாக இருக்கக் கூடாது, தாங்கியாக இருக்க வேண்டும். 1995இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய சமுதாய நீர்வழங்கல் திட்டம் ஐயாயிரம் லீற்றர் பெரோசிமெந்துத் தாங்கியைப் பரப்பியது. 2005இல் மழைநீருக்கென்று தேசியக் கொள்கையும் வந்தது. வவுனியாவிலும் வன்னியின் பிற பகுதிகளிலும் சிறுநீரக நோயும் கிணற்று நீரின் கடினத்தன்மையும் பேசப்படுகிற நாளில், கூரைநீரின் முதல் உரிமை குடத்துக்குத்தான். தாங்கி நிரம்பி வழிகிறது மழைத் தோட்டத்துக்கு. கார்த்திகையில் ஓர் இரவு மழைக்கே தாங்கி நிரம்பிவிடும் என்பதால் தோட்டத்துக்குப் பஞ்சம் வராது.

உண்மையில் இது வீடுகளைவிடப் பெரிய கூரைகளுக்கே பொருந்தும். பாடசாலை, வைத்தியசாலை, செயலகம், நெற்களஞ்சியம் என்று பத்து வீட்டுக் கூரையை ஒன்றாய்ப் போட்ட அளவுள்ள கட்டடங்கள் தம் மழையையெல்லாம் கொங்கிறீற் வாய்க்காலால் வீதியில் தள்ளுகின்றன. அவற்றின் வளவுகளில் இடமும் உண்டு. அங்கே மழைத் தோட்டம் அமைப்பதற்கு ஒரு திட்டத்தின் பணம் கிடைக்கலாம், திறப்புவிழாவும் நடக்கும். மதிப்பீட்டைத் தயாரிக்கிறவர் அதில் இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும்: ஒவ்வோர் ஆண்டும் ஆவணியில் இரண்டு பேருக்கு மூன்று நாள் கூலி, வண்டல் செதுக்கவும் அடி கொத்தவும். அந்த வரிக்கு ஒப்புதல் கிடைக்காத இடத்தில் பள்ளத்தை வெட்டாமல், அந்த நிலத்தில் நாலு வேம்பை வைத்துவிட்டுப் போகலாம்.